எண்ணூற்று ஐம்பது கிராம்

மரமாக இருந்திருந்தால் டொக் என்றிருக்கும்.
இது டிங் என்றது,
வீட்டில் சில்வர் டம்ளர் விழுகிற அதே சத்தம்.
அதனால்தானோ என்னவோ
முதல் நொடி யாரும் பயப்படவில்லை.

வியாசர்பாடி மைதானம், சனிக்கிழமை, ஏழரை மணி வெயில்.
பந்தை வீசிய கை
ஹெப்சிபாவுக்கு இன்னும் கீழே இறங்கவில்லை.
அறுபதடி தூரம்.
வந்ததைவிட வேகமாய்த் திரும்பிப் போனது பந்து.
கண்ணை மூடினாயா என்று பிறகொரு நாள் கேட்டேன்.
அதுக்கு எங்கடி நேரம், என்றாள்.

நல்ல அடி அது.
இதை எப்படிச் சொல்வது?
நான்கு மாதம் அந்த ஓர் அடிக்குத்தான்
மணிக்கட்டைப் பழக்கினேன்.
கையில் அதிர்வே இல்லை,
தண்ணீருக்குள் வீசியது போல.
ஓடினேன்.
முதல் பேஸில் கால் வைத்துவிட்டுத்தான்
திரும்பிப் பார்த்தேன்.
அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்டான்லியில் கன்னத்தைத் திறந்து
டைட்டானியம் தகடு வைத்தார்கள். நான்கு திருகு.
வாய் திறக்க முடியாமல்
நோட்டில் எழுதிக் காட்டினாள்:
இப்ப எனக்குள்ளயும் பேட் இருக்கு.

பெற்றோர் கூட்டத்தில்
மரமட்டை வாங்கலாம் என்றார் ஒருவர்.
மரம் மூணு வாரத்துல உடையும்,
இது நாலு வருஷமா வருது,
பதினாலு பிள்ளைங்களுக்கு ஒரே மட்டை
என்றார் தணிகைவேல் சார், யார் முகத்தையும் பார்க்காமல்.
யாரோ எழுந்து ஃபேனைக் கூட்டிவைத்தார்கள்.
ஹெப்சிபாவின் அப்பா வெல்டிங் வேலை செய்பவர்.
மட்டையை வாங்கி நகத்தால் தட்டினார்.
"உள்ள காலி" என்றார்.
வேறெதுவும் பேசவில்லை.
பிறகு சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து
மேசைமேல் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

பழைய மட்டையைப் போட்டுவர
என்னைத்தான் அனுப்பினார் சார்.
காயலான் கடைத் தராசில்
எண்ணூற்று ஐம்பது கிராம்.
கைப்பிடி போன குக்கர்மேல் அதை வைத்ததும்
கடைக்காரர் மகன், பத்து வயசிருக்கும்,
எடுத்து ஒரு சுழற்று சுழற்றினான்.
"செம லேசுக்கா. பந்து பறக்கும்ல?"

பறக்கும்.

"அண்ணே, நசுக்கிட்டு எடை போடுங்க."
"நசுக்குனா எடை ஏறாதும்மா."
"தெரியும்."

சுத்தியலின் முதல் அடிக்கு டிங்.
இரண்டாவதுக்கும் டிங்.
பையன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.
ஏழாவதோ எட்டாவதோ அடியில்தான்
டொக் என்றது.

நூற்றிருபது ரூபாய் தந்தார்.
வழியில் ரோஸ்மில்க் பார்சல் வாங்கினேன்.
ஸ்ட்ரா ரெண்டு போடுங்க என்றேன்,
ஒன்று வளைந்துவிட்டால்.