அறுபத்தாறாம் நம்பரில் ஃபக்வா

கயானாவில் எங்கள் கரையோர ஊர்களுக்கு
எண்தான் பெயர்.
யாரோ ஒரு துரை நிலத்தை அளந்துகொண்டே போனான்;
அவன் வரிசையில் நாங்கள் அறுபத்தாறு.

கடல் இங்கே நீலமில்லை.
ஆறுகள் கொட்டும் சேற்றில்
பால் குறைந்த தேநீர் மாதிரி கிடக்கும்.
நீலத்தை வருஷத்தில் ஒருநாள்
பாக்கெட்டில் வாங்குகிறோம்.

நாற்பது நாள் முன்பு நட்ட ஆமணக்குக் கொம்பு
நேற்றிரவு எரிந்து முடிந்தது.
விடிந்ததும் அந்தச் சாம்பல் நெற்றிக்கு.
பிறகு தண்ணீர். பிறகு வாய்க்கால் சேறு.
உச்சிவேளையில் குளித்து
வெள்ளைச் சட்டை மாட்டினோம்,
பாழாக்குவதற்கென்றே இஸ்திரி போட்டது.

டோலக் ராம்கரனுக்கு. ஜால்ரா எனக்கு.
நோட்டு ஹேம்சந்தின் கையில்:
ஆங்கில எழுத்தில் போஜ்புரிப் பாட்டு.
கப்பலில் வந்தவர்கள் பாடியதை
நாங்கள் சுருதி பிசகாமல் பாடுவோம்,
பொருள் மட்டும் தெரியாது.
ஒரு வரியில் வருவது கிருஷ்ணனா கிளியா என்று
போன வருஷம் அடிதடி வரைக்கும் போனது.
கிருஷ்ணன் என்றேன் நான்.
கிளி என்றான் சுக்தேவ்.

தூண்கள்மேல் நிற்கும் வீடுகள்.
அடியில் பாய் விரித்து எங்களை உட்காரவைத்து
கொண்டைக்கடலை தந்தார்கள், சூடாக குல்குலா தந்தார்கள்.
நியூயார்க்கிலிருந்து வந்த மருமகன் ஒருவன்
கைபேசியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் படம் எடுத்தான்.
லீலாவத்தியின் சின்ன மகள்
என் காதுக்குள் பவுடரை அடைத்துவிட்டு
கேட்கிறதா கேட்கிறதா என்று கத்தினாள்.

த்ருபத்தி வீட்டில் இன்னும் வருஷம் திரும்பவில்லை.
அப்படிப்பட்ட வாசலைச் சத்தமில்லாமல் கடக்க வேண்டும்,
தட்டுகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு.

அக்டோபரில், எஞ்சின் நின்ற இரவில்
படகில் இருவர் இருந்தோம்.
கரைக்கு வந்தது ஒருவர்.
அதற்குமேல் நான் யாரிடமும் சொன்னதில்லை.
அவள் கேட்டதுமில்லை.
ஐந்து மாதமாக மீன் வாங்க
அறுபத்தெட்டாம் நம்பருக்குப் போய்வருகிறாள்.

கேட்டைத் தாண்டியபோது
தலையில் விழுந்தது ஒரு வாளி.
சாயமில்லை, வெறும் தண்ணீர்.
வாளியை எனக்குத் தெரியும்.
பிடி உடைந்த இடத்தில் நைலான் கயிறு,
அந்த முடிச்சு சுக்தேவ் போடுவது.

படிக்கட்டின் மேல் நின்றிருந்தாள்.
வெள்ளை உடுத்தியிருந்தாள்;
இன்று நாங்களும் வெள்ளைதான்.
"ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி பாடிவிட்டு
என் வாசலில் மட்டும் ஊமையா?
காலையிலிருந்து நிரம்பிக் கிடக்கிறது இந்த வாளி."

கோபமா விளையாட்டா, இன்றுவரை தெரியாது.
இந்த ஒரு நாளில்
இரண்டுக்கும் ஒரே வாளி.

ராம்கரன் ஒன்றும் பேசாமல் கேட்டைத் திறந்தான்.
அவள் வீட்டுத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்தோம்.
மூலையில் வலை, சுருட்டிய மேனிக்கு.
நனைந்த தட்டு ஒழுங்காக ஒலிக்காது,
சோற்றுக்கு நேரமானவன் தட்டைத் தட்டுவது போல இருந்தது.
ஆனாலும் தட்டினேன்.

அந்த வரி வந்தது.
கிளி என்று பாடினேன்.
ஹேம்சந்த் நோட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.
அடுத்த சுற்றில் ராம்கரனும் கிளி என்றான்.
பிறகு எல்லாருக்கும் கிளிதான்,
கிருஷ்ணன் பொறுத்துக்கொள்ளட்டும்.

த்ருபத்தி கீழே இறங்கி வரவில்லை.
பாட்டுக்கு நடுவே, மாடியில்,
குழாய் திறக்கும் சத்தம் கேட்டது;
அடுத்த வாளி
அடியிலிருந்து நிரம்பத் தொடங்கும் சத்தம்.