டார்ட்டுவில் ஒரு டப்பா

பீர் டப்பாவில் ஊசியால் ஒரு துளை.
உள்ளே சுருட்டிவைத்த போட்டோ காகிதம்.
பால்கனிக் கம்பியில் டேப் சுற்றி ஒட்டியிருந்தது,
எதிரே ஒரு மர நாற்காலி.

டிசம்பரிலிருந்து
தினமும் ஏழு நிமிடம்
சாரெபூ அதில் உட்கார்வது வழக்கம்.
ஒருநாள் பச்சைப் பாவாடை,
ஒருநாள் அப்பாவின் ரயில்வே கோட்டு,
கழுத்துவரை பித்தான்.
மடியில் பனி சேர்ந்த நாட்களும் உண்டு.

கீழ்வீட்டு ஹெல்யு அண்ணாந்து கேட்பாள்:
"இன்றைக்கு யார் வந்திருக்கிறது?"
"நேற்று வந்த ஆள்தான்."

எஸ்தோனிய மொழியில்
அவனுக்கும் அவளுக்கும் 'தா', ஒரே சொல்.
சிக்கல் எனக்குத்தான்.
தமிழில் ஒரு வினையை முடிக்கப் போனால்
வாசலில் நின்று
பால் கேட்கிறது விகுதி.

ஜூனில் டப்பாவை வெட்டித் திறந்தோம்.
சூரியன் போன தடங்கள், வில் வில்லாக,
மேகம் மூடிய நாட்களில் அறுந்த நூலாக.
நாற்காலி துல்லியம், ஆணிகூடத் தெரிந்தது.
அதில் யாரும் இல்லை.

ஏழு நிமிடம் காகிதத்துக்குப் போதாதாம்.
அசையாதது மட்டுமே பதியுமாம்.

ஹெல்யு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வெகுநேரம் பார்த்தாள்.
"இருக்கை மட்டும்
ஏன் கொஞ்சம் மங்கல்?"

சாரெபூவின் கை அந்த இடத்தில்
ஒருமுறை தடவி நின்றது.

பிறகு அடுத்த டப்பாவுக்காக
பீர் வாங்கக் கிளம்பினோம்.