எட்டு பிட் மழை

குர்லா மழைமானி: பதினொன்று.
திரை அப்படித்தான் சொல்கிறது.
பதினோரு மில்லிமீட்டருக்கு
இந்த ஊரில் யாரும் குடையே விரிக்க மாட்டார்கள்.
அன்றிரவு செருப்பைக் கையில் பிடித்தபடி
இடுப்பளவு நீரில் நான் நடந்த தெரு அது.

பரேல் அலுவலகம், நாலாவது மாடி.
பெட்னேகர் கட்டிங் சாயை விசைப்பலகையோரம் வைத்துவிட்டு
வரிசையின் வகை என்னவென்று பார்க்கச் சொன்னார்.
குறியில்லா முழு எண், எட்டு பிட்.
இடம் மிச்சமாகட்டும் என்று
எப்போதோ எவரோ வைத்தது.
இருநூற்று ஐம்பத்தைந்து வரை எண்ணும்.
அதற்குமேல் ஒன்று கூடினால்
பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கும், வெட்கமே இல்லாமல்.
பிழைச்செய்திகூடக் கிடையாது.

இருநூற்று அறுபத்தேழு பெய்திருக்கிறது.

பதினாறு பிட்டுக்கு மாற்றினேன்.
பெரிய வீட்டிலும் பதினொன்று
பதினொன்றாகவே உட்கார்ந்திருந்தது.

தாள் பதிவேட்டைப் பிரித்தோம்.
பால்பாயிண்ட் மை ஊறிய மராத்தி எண்கள்.
அவர் வாசிக்க, நான் தட்டினேன்.
சயான் இருநூற்று நாற்பது. தாதர் நூற்றுத் தொண்ணூறு.
மித்தி ஆற்றோரத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.
கட்டம் காலி.
மானியே வெள்ளத்தோடு போய்விட்டதாம்.

பூஜ்ஜியம் போட மனமில்லை.
‘எண் அல்ல’ என்று போட்டேன்.
உடனே வரிசையின் முழு எண்கள் அத்தனையும்
பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டன,
267.0, 240.0, 190.0,
இல்லாத ஒன்றுக்கு இடம் கொடுக்க.

அந்தக் கட்டம் தனக்குத்தானே சமமா
என்று கேட்டுப் பார்த்தேன்.
இல்லை என்றது.
பெட்னேகர் ஆறிய சாயை
ஒரே மடக்கில் குடித்தார்.