மூன்றாம் தரம்

முதலில் சூடை முள் என்றுதான் நினைத்தோம்.
மெற்றில்டா வெறுஞ்சோற்றை உருண்டை பிடித்துத் தந்தாள்.
கதலிப்பழம் தந்தாள், சப்பாமல் விழுங்கச் சொன்னாள்.
முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.
"கடற்கரையில பிறந்து மீன் தின்னத் தெரியாத மனிசன்
நீங்கள் ஒராள்தான்."

மாசி மூன்றாம் தேதி, பிளாசியார் திருநாள்.
இரண்டு மெழுகுதிரியைக் குறுக்கே கட்டித்
தொண்டையில் வைத்து ஆசீர்வதித்தார் சுவாமி.
முள்ளுக்கு அந்தப் புனிதர்தான் அதிகாரி.
முள் அசையவில்லை.

முப்பத்தொரு வருஷம் திருக்கடலூர்க் கரையில்
ஏலம் கூறியவன் நான்.
எஞ்சின், காகம், அலை,
கிண்ணியா வியாபாரிகளின் முணுமுணுப்பு,
எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நிற்கும் என் குரல்.
"பாரைக் குவியல் நாலாயிரம், நாலாயிரத்து இருநூறு,
ஒருதரம், ரெண்டுதரம்"
மூன்றாவதைக் கொஞ்சம் இழுப்பேன்.
அந்த இழுவைக்குள் ஐநூறு ரூபாய் கிடப்பது
சம்மாட்டிமாருக்குத் தெரியும்.

இப்போது போனை எடுத்து ஹலோ என்றால்
"ஆர் அது, லைன் கரகரக்குது" என்கிறான்
கனடாவிலிருந்து மகன்.
லைன் இல்லையடா,
நான்தான்.

பெரியாஸ்பத்திரியில் என் எண் எழுபத்திரண்டு.
நேர்ஸ் கூப்பிட்டாள்.
"இருக்கிறன்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.
இன்னொரு முறை கூப்பிட்டாள்.
வாங்கில் உள்ளங்கையால் அடித்தேன்.
அதற்குள் எழுபத்துமூன்று உள்ளே போய்விட்டது.
ஏலம் கூறத் தெரிந்தவன்
கேட்கப்போய்த் தோற்ற இடம் அது.

சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒன்றைத் தந்து
விழுங்க விழுங்கப் படமெடுத்தார்கள்.
டொக்டர், காலிப் பக்கத்துப் பிள்ளை,
திரையை என் பக்கம் திருப்பினாள்.
கழுத்தின் முன்புறம் எலும்பின் மேல் எலும்பு
வழிந்து உறைந்திருந்தது,
கோயில் மெழுகுதிரி அடியில் சேர்வதுபோல.
அதில் ஒரு நுனி தொண்டையை முன்னே தள்ளி நிற்க,
வெள்ளை அந்த இடத்தில் தயங்கி,
ஓரமாய்ச் சுற்றிக்கொண்டு இறங்கியது.

"ஐயா, முள்ளு" என்றாள், தெரிந்த தமிழில்.
"மீன் முள்ளு இல்ல. உங்கட முள்ளு."

வயதுபோனால் சிலருக்கு வளருமாம்.
வெட்டலாம், கண்டிக்கோ கொழும்புக்கோ போகவேண்டும்,
குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது,
எழுபத்துநாலில் யோசித்துத்தான் செய்யவேண்டும்.
அதுவரைக்கும் நாடியைத் தாழ்த்தி,
குழைத்து, கரைத்து,
ஒரு வாய்க்கு இரண்டு மூன்று தரம் விழுங்கட்டாம்.

வீட்டுக்கு வந்து மெற்றில்டாவுக்கு
எழுதித்தான் காட்டினேன்.
படித்துவிட்டு அடுப்பிலிருந்த சட்டியைப் பார்த்தாள்,
இத்தனை நாள் சூடையைத் திட்டியதற்கு
மன்னிப்புக் கேட்கப்போகிறவள்போல.
சிரித்தாள். பிறகு
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், கனநேரம்.

இன்றிரவு கஞ்சி.
பாரையை உதிர்த்துப் போட்டிருக்கிறாள்,
விரலால் தடவித் தடவி முள் பார்த்து.
நாடியைத் தாழ்த்துகிறேன்.
ஒருதரம்.
வெளியே இருட்டில் ஏதோ ஒரு போட்
எஞ்சின் பிடிக்காமல் இருமுகிறது.
ரெண்டுதரம்.
மெற்றில்டா கரண்டியும் கையுமாய்
என் குரல்வளை ஏறுவதையே பார்த்தபடி,
விலை சொல்லிவிட்டு நிற்கும் வியாபாரிபோல.

கொஞ்சம் இழுக்கிறேன்.