காலிக் கட்டம்

ஐந்தே முக்காலுக்கு லேப் ஷட்டரைத் தூக்குகிறேன்.
குலசேகரம் சந்தைமுக்கில் மீன்வண்டி இன்னும் வரவில்லை.
படியில் ரசலையன்,
நெற்றியில் பால்வெட்டு விளக்கு எரிந்தபடி.
இருநூற்றுப் பத்து மரம் வெட்டிவிட்டு வந்திருக்கிறார்.
"கட்டன்காப்பி கூட குடிக்கேல்ல பிள்ளே.
சட்டுனு விடு, பால் எடுக்கப் போவணும்."

இடுப்பைச் சுற்றி டேப் வைத்தால்
மூச்சை உள்ளே இழுக்கிறார்.
நூற்று நான்கு.
விடுங்கள் என்றேன். விட்டார்.
நூற்றெட்டு.

புஜத்தில் பட்டை கட்டுகையில்
"இது நம்ம சரக்காக்கும்" என்று இழுத்துப் பார்த்துச் சிரிக்கிறார்.
ஒளிந்துகொள்கிற நரம்பு.
இரண்டாம் குத்தில்தான் வந்தது.

உறையவிட்டு, சுற்றவிட்டு எடுத்தால்
சிவப்புக்கு மேலே தெளிந்து நிற்கவேண்டிய மஞ்சள் நீர்
வெள்ளை வெளேரென்று நிற்கிறது.
சாயங்காலம் ஆசிட் வாடைக் கையோடு வந்தவரிடம்
குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன்.
"என்ன பிள்ளே,
எனக்க பால எனக்கே காட்டுதியா?"

ட்ரைகிளிசரைடு அறுநூற்று நாற்பது.
நல்ல கொழுப்பு முப்பத்தொன்று.
கெட்டதற்கு ஒரு சூத்திரம் உண்டு:
மொத்தத்தில் நல்லதைக் கழி,
ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒன்றைக் கழி.
நானூறு தாண்டினால் சூத்திரம் கைவிரித்துவிடும்.
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் அச்சாகும்.
கோட்டைப் பார்த்து
ஒன்றுமில்லை என்று நிம்மதியாகப் போனவர்களை எனக்குத் தெரியும்.

டாக்டர் ஹெலன் மேபல் சீட்டில் மூன்று பெயர் எழுதினார்.
அப்போபி. எல்பி சின்ன ஏ. நுண்ணிய சிஆர்பி.
ஐஸ்பெட்டியில், மாலை பஸ்ஸில், திருவனந்தபுரம் போகவேண்டும்.
இரண்டாயிரத்து நூறு ரூபாய்.
"ரெண்டு மாச ஒட்டுப்பால் காசாக்கும்."
பாரம் எவ்வளவு என்பதை விடுங்கள், என்றார் டாக்டர்,
களியக்காவிளைச் சாவடியை ராத்திரிக்கு எத்தனை லாரி தாண்டுகிறது,
அந்த எண்ணிக்கைதான் அப்போபி.
சிஆர்பி, புகைப்புரைக்குள் கண்ணில் படாத கனல்.
மற்றது அப்பாவிடமிருந்து வருவது.
"அவரு எழுதி வச்சது கடன்பத்திரம் மட்டும்னு
இருந்தேன்."

வியாழக்கிழமை மூன்றும் வந்தன. மூன்றும் கூடுதல்.
டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டினார்.
பத்து வருஷத்தில், இவரைப்போல நூறுபேரில், இருபத்துமூன்று.

அங்கே கேட்காததை என் மேசைக்கு வந்துதான் கேட்பார்கள்.
"இருபத்துமூணு. செரி.
அதில நான் எத்தனாவது ஆளாக்கும்?"

என் மெஷினில் அதற்குப் பொத்தான் இல்லை.
ஸ்டான்லிக்கு எல்லாம் நார்மல்.
நாற்பத்து நாலு வயது, சுங்கான்கடை இறக்கம்,
பைக்கை ஓரம் கட்டி, ஸ்டாண்டும் போட்டுவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறான்.
அவனுடைய ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்து
என்னுடையது.
இதையெல்லாம் ரசலையனிடம் சொல்லவில்லை.
தெரியாது அண்ணே, என்றேன்.

அவர் தாளை நாலாய் மடித்தார்.
"வருசம் ஆறேழு மரம் பட்டை செத்துப் போவும்.
ஏதுண்ணு முன்ன ஒருத்தனும் சொல்லமாட்டான்.
அதுக்குத்தானே அம்புடு மரத்துக்கும்
ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு."
வாசல்வரை போய்த் திரும்பினார்.
"பரோட்டாவை அடியோட விடணுமா, இல்ல
அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாளா?"

மூன்று மாதம் கழித்து அதே படி, அதே விளக்கு.
நூற்று ஐந்து. மூச்சை இழுக்காமல்.
குழாயில் மஞ்சள் தெரிகிறது, மேகம்போட்ட மஞ்சள்.
ட்ரைகிளிசரைடு முந்நூற்று எண்பது.
சூத்திரம் இம்முறை ஒத்துக்கொண்டது.
கட்டத்தில் ஒரு எண் விழுந்தது: நூற்றுப் பன்னிரண்டு.
நல்ல எண் என்று சொல்லமாட்டேன்.

அடியில் என் பெயரை எழுத
எப்போதும்போல் கொஞ்சம் நேரமாகிறது.
வெளியே மீன்வண்டி ஹாரன்.
யாரோ மத்தி விலை கேட்கிறார்கள்.