மேற்படி

கொல்லம் ஆயிரத்து அறுபத்தெட்டு, ஆடி.
ஆரியங்காவுச் சவுக்கையில் கூரை ஒழுகுகிறது.
எனக்கில்லாத குடையைப் பேரேட்டுக்குப் பிடித்து
எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒற்றை மாட்டு வண்டி.
வைக்கோலுக்குள் பன்னிரண்டு பெட்டி,
தூத்துக்குடியில் கப்பல் இறங்கியவை.
கூட நடந்து வந்தவர் நாசரேத்து ஞானாபரணம்:
அல்பாக்கா கோட்டு, காலில் செருப்பில்லை.

"என்ன சரக்கு?"
"மருந்து."
"என்னத்துக்கு?"
"எதுக்கு இல்லன்னு கேளுங்க."

ஒரு பாட்டிலை உருட்டி உருட்டி
ஒட்டியிருந்த சீட்டை வாசித்தார்:
பித்தம், பெருவயிறு, மலைக்காய்ச்சல்,
மயிர் உதிர்தல், கப்பல் குமட்டல்,
காரணமில்லாத துக்கம்,
பெண்களுக்கு மட்டும் வருவன,
பெயர் வைப்பதற்குள் வருவன.
லண்டனில் படுத்த படுக்கையாய்க் கிடந்த பாதிரி
மூன்றாம் பாட்டிலில் எழுந்துபோய்க்
கோயில் மணி அடித்தாராம்.
சீட்டின் நடுவில் டாக்டர் பெல்வுட்,
தாடியை மீறித் தெரிந்த எலும்பு.
என்னைவிட இளைத்திருந்தார்.

என் பேரேட்டில் இனம் நான்குதான்.
புகையிலை. உப்பு. அபினி. சாராயம்.
மருந்துக்கு வரி இல்லை, கட்டமும் இல்லை.

சிப்பாய் குஞ்ஞன் குறுப்பு தக்கையைத் திருகி மோந்தான்.
"யஜமானே, இது சாராயம் தன்னே."
கல்லில் ஒரு மடக்கு ஊற்றித் திரியைக் காட்டினோம்.
மழைக் காற்றிலும் நீலமாய் நின்று எரிந்தது.
"நோய் எரியுது," என்றார் ஞானாபரணம்.

சோதிப்பது என் உத்தியோகம்.
முதல் கரண்டியில் தொண்டை திறந்தது.
மூன்றாவதில்
எனக்கு இருந்தே இராத முட்டுவலி பறந்துபோனது.
இரண்டு பாட்டில் மேசைக்கடியில் நகர்ந்ததை
நான் பார்க்கவில்லை, என் கால் பார்த்தது.
எழுதினேன்: இனம், மருந்து. வரி, இல்லை.
அடுத்த பெட்டி, மேற்படி.
அதற்கடுத்தது, மேற்படி.

பன்னிரண்டாவது பெட்டியில் சிறு பாட்டில்கள்.
சீட்டில் தூங்கும் குழந்தை,
தொட்டிலருகே சிரிக்கும் துரைசாணி.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
இனிப்பு.
இனிப்புக்கு அடியில், நாக்கின் பின்கரையில்,
ஒன்பது வருஷமாய்ப்
பண்டாரங்களின் முந்தி முடிச்சிலிருந்து
நான் பிடுங்கிவைத்த கசப்பு. மூன்றாம் இனம்.
குஞ்ஞன் என் முகத்தைப் பார்த்தான்.
ஞானாபரணம் மாட்டின் முதுகில் ஈ விரட்டினார்,
அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை தெரியாது.
இருட்டப் போகிறது. வளைவில் யானை இறங்கும் நேரம்.
மேற்படி.

ஐப்பசியில் ஒருத்தி வந்தாள்,
தேயிலை லயத்து மாடத்தி,
காலிப் பாட்டிலும் முதுகில் ஏணையுமாய்.
"கோட்டு போட்டவரு எப்ப வருவாரு, ஐயா?
மருந்து தீந்துபோச்சு.
நல்ல பிள்ளை. அழுறதே இல்ல.
கங்காணிகூடச் சொன்னாரு,
இப்பத்தான் ஒழுங்கா கொழுந்து எடுக்கேன்னு."

ஏணைத் துணியை விலக்கினேன்.
காது மடலுக்குப் பின்னால்
திராட்சை கனத்தில் ஓர் அட்டை,
குடித்து முடித்து அங்கேயே உறங்கியது.
இரண்டாம் இனத்தில் பிடிபட்ட உப்பிலிருந்து
ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டேன்.
அட்டை சுருண்டு விழுந்தது.
ரத்தம் கழுத்தோரம் வழிந்தது.
பிள்ளை இமைகூட அசைக்கவில்லை.

"இதுல என்ன ஐயா எழுதியிருக்கு?"
எனக்கு இங்கிலீஷ் தெரியும்.
அதற்காகத்தான் ஏழு ரூபாய் சம்பளம்.
"பல்லுக்கு," என்றேன்.
"பல் முளைக்கிறதுக்கு."
"இன்னும் முளைக்கலையே," என்றாள்.

கார்த்திகையில் மேல்விசாரணை வந்து
பேரேட்டைப் புரட்டிவிட்டு
கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்றார்.

இன்று சாரல் இல்லை.
கீழ் வளைவில் மாட்டுமணி.
வைக்கோல் முதலில் தெரிகிறது, அப்புறம் கோட்டு.
இப்போது காலில் செருப்பும்.
இருபது பெட்டி என்று குஞ்ஞன் எண்ணுகிறான்.
சிறு பாட்டில் எத்தனை என்று
நான் இன்னும் கேட்கவில்லை.
புதுப் பக்கம் திருப்பிப் பேனாவைத் தோய்த்தேன்.
குனிந்து பார்த்தால்,
கை தன் பாட்டுக்கு
'மே' வரை எழுதியிருந்தது.