ஒழுக வேண்டிய பந்தல்

இருபத்திரண்டு வருஷத் தொழிலில்
பந்தல் ஒழுகவில்லை என்று
குறை சொன்ன முதல் ஆள் அவர்தான்.

எல்லிஸ் நகரில் மூன்றாம் மாடிக் குடித்தனம்.
சிப்போரா என்று பெயர். எறணாகுளம் பக்கத்து யூதர்.
கண் ஆஸ்பத்திரியில் கணக்குப் பார்க்கிறார்.
பண்டிகையன்று காசைத் தொட மாட்டாராம்,
முழு வாடகையும் முன்பே எண்ணி வைத்தார்.
"கூரை வழியா நட்சத்திரம் தெரியணும்."

காற்றுக்கு வாகாகத்
தண்ணீர் டேங்க்கின் அடியில் கால் நட்டிருந்தேன்.
பிடுங்கச் சொன்னார்.
"கூரைக்கு மேலே வானம் மட்டும்தான் இருக்கணும்."
கீற்றைப் பின்ன வேண்டாம்,
பச்சையாக அப்படியே பரப்பு,
வெயிலைவிட நிழல் ஒரு பிடி கூட இருந்தால் போதும்.
நான் பழக்கதோஷத்தில் நெருக்கி அடைத்துவிட்டேன்.
அண்ணாந்து பார்த்தார்.
"ஓட்டை பத்தாது."

கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி.
வானத்தை ஒளிக்கத்தானே
இதுவரை எனக்குக் கூலி.
ஓலையை உருவ உருவ
கை யாரையோ ஏமாற்றுவதுபோல் கூசியது.

புரட்டாசி முழுநிலா.
ஏழு நாளும் சாப்பாடு இதற்குள்தானாம்.
பத்தாயம் நிறைந்த நேரம் பார்த்து
வெளியே வந்து ஓலைக்கடியில் உட்கார வேண்டும்.
சந்தோஷமாக இருக்க வேண்டும், அதுவும் சட்டம்.
எனக்கு வெள்ளிக்கிழமை தவணை.
சந்தோஷத்துக்குத் தேதி குறித்து
இதுவரை ஒருவரும் நோட்டீஸ் அனுப்பியதில்லை.

காலி நாற்காலி ஒன்று கிடந்தது.
உட்காரப் போனவன் தயங்கினேன்.
"அது ஆபிரகாமுக்கு.
நீங்க உட்காருங்க. வழியில போறவங்களைக்
கூப்பிட்டுச் சோறு போட்ட மனுஷன்,
கோவிச்சுக்க மாட்டார்."

இடக்கையில் ஒரு பழம், நாரத்தைக்கு அக்காள் மாதிரி.
வலக்கையில் விரியாத பேரீச்சங் குருத்தும்
சின்ன இலைக் கொத்தும் ஆற்றுப்பாலைக் கிளையும்.
பழத்துக்கு ருசியும் உண்டு, வாசமும் உண்டு.
பேரீச்சைக்கு ருசி மட்டும்.
கொத்துக்கு வாசம் மட்டும்.
ஆற்றுப்பாலைக்கு இரண்டும் கிடையாது.
"அதை எதுக்கு வச்சிருக்கீங்க?"
"அது இல்லாட்டி மத்த மூணும் செல்லாது."
நான் முடிச்சைத்தான் பார்த்தேன்.
நூல் இல்லை, ஓலைக்கீற்றையே கிழித்துக் கட்டியது.
எங்கள் முடிச்சு.

மேற்கே நாகமலைக்கு மேல் மேகம் கருத்திருந்தது.
"மழை கேட்டுச் சாமி கும்பிடுவீங்களா?"
அலங்காநல்லூரில் மச்சினனின் நாற்றங்கால்
காய்ந்து வெடித்துக் கிடந்தது.
"எட்டாம் நாள் கேப்போம்.
இந்த ஏழு நாளும் வாயே திறக்கக் கூடாது.
கூரைக்கடியில குந்திக்கிட்டே
அதை நனைன்னு கேட்கிறது மரியாதையா?"

ஐந்தாம் ராத்திரி கொட்டியது.

தொழில் மானம் பிடரியைப் பிடித்துத் தள்ள
டிவிஎஸ்ஸில் தார்ப்பாயை வைத்துக்கொண்டு ஓடினேன்.
மூன்று மாடி, மூச்சு வாங்க.
தட்டில் ரசம் வட்டம் வட்டமாகத் துள்ளியது.
குருத்தோடு பழத்தையும் முந்தானையில் மூடிக்கொண்டு
நின்றுகொண்டிருந்தார்.
"விரிக்காதீங்க.
விரிச்சா இது வீடாயிரும்."
சோறு கெடுகிற மழையில் உள்ளே போகலாமாம்,
அதற்கும் சட்டம் உண்டு.
ஆனாலும் போகவில்லை. முகம் வாடியிருந்தது.
அழைக்கப்பட்ட வீட்டில்
இலையை எடுத்துவிட்ட மாதிரி.

அப்போது என் போன்.
மச்சினன் கத்துகிறான்:
"மச்சான், வாய்க்கா நிறைஞ்சு போகுது, மச்சான்!"
குடிசை முழுக்கக் கேட்டது.
அவர் என்னைப் பார்த்தார்.
கேட்காத மழை.
சிரித்தாரே ஒரு சிரிப்பு,
சட்டத்துக்காகச் சிரித்தது இல்லை அது.
நனைந்த தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு
படியிறங்கினார்.

நேற்றுத் திருநகரில் கல்யாணப் பந்தல்.
"அண்ணே, இங்க ஒரு ஓட்டை" என்றான் மேலே இருந்த பையன்.
"அடைடா" என்றேன்.
அடைக்கத்தானே கூலி.

"இரு" என்று சொல்லி
அதற்கு நேர் கீழே போய்
ஒருமுறை நின்றுவிட்டு வந்தேன்.
மத்தியானம்.
நட்சத்திரம் ஒன்றும் தெரியவில்லை.